அப்பாவின் இடத்துக்கு வந்தவள்

அனுப்ரியா பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு வணிகம் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் ஆண்டு தொடங்கிய புதிதில் ஒருநாள் சாப்பாட்டின்போது, அவளுடைய அப்பா தங்கராஜு சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, தான் வேலை பார்க்கும் தொழிற்சாலையை வியட்நாமுக்கு மாற்றப்போகிறார்கள் என்றார். பக்கத்து அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் பழுது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அம்மா லீலா கையிலிருந்த கரண்டியை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

தங்கராஜுவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் இருந்த அவர்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம், அந்தத் தொழிற்சாலை அவ்வளவு பக்கம். காது சரியாகக் கேட்காதவர்கள் மாட்டிக்கொள்ளும் கருவிக்குள் அரிசி மணி அளவில் ஓர் ஒலிபெருக்கி இருக்கும். அதைத்தான் அங்கே செய்தார்கள். அனுப்ரியா பிறப்பதற்கு முன்பே அவர் அங்கே ஆபரேட்டராகச் சேர்ந்தவர். பிறகு டெக்னீஷியன் ஆனார். இப்போது உற்பத்தி வரிசை ஒன்றுக்கு சூப்பர்வைசர். அடுத்த ஜூன் மாதத்தோடு இங்கே எல்லாவற்றையும் மூடிவிடுவதாக மேலாளர் கேன்டீனில் எல்லாரையும் கூட்டிச் சொல்லியிருந்தார்.

“ஜூன் வரைக்கும் சம்பளம் வரும் லா,” என்றார் தங்கராஜு. “அப்புறம் பார்த்துக்கலாம்.”

அன்றைக்கு வேறு பேச்சு ஓடவில்லை. லீலா தொலைக்காட்சியைப் போட்டார், யாரும் பார்க்கவில்லை.

அனுப்ரியாவுக்கு அந்தப் பருவத்தில் உலகமயமாதல் பற்றி ஒரு பாடம் இருந்தது. நடத்தியவர் டாக்டர் கோ. மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, உற்பத்தியை வேறு நாட்டுக்கு மாற்றுகிற ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டு, அந்த முடிவு சரியா தவறா என்று ஆராய்ந்து வகுப்பில் பேச வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அனுப்ரியாவின் குழுவில் இருந்த மற்ற இருவர் இல்ஹாமும் ஷாஹித்தும். இல்ஹாமின் அப்பா சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்திருந்தார். சிறு வயதிலிருந்தே கடையில் உட்கார்ந்து வளர்ந்தவள் என்பதால் அவளுக்குப் பேச்சும் வேகம், முடிவும் வேகம். அடுத்த ஆண்டு நெதர்லாந்தில் ஒரு பருவம் படிக்கப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்கு எல்லாப் பாடத்திலும் உயர்ந்த மதிப்பெண் வேண்டும். ஷாஹித் அதிகம் பேச மாட்டான். வரைபடங்களை அழகாகப் போடுவான்.

எந்த நிறுவனம் என்று பேச உட்கார்ந்தபோது, இல்ஹாம் செய்தியில் படித்ததாகச் சொல்லிக் காட்டியது தங்கராஜுவின் தொழிற்சாலையைத்தான். சிங்கப்பூர் நிறுவனம், இப்போதுதான் நடக்கிறது, தகவல் சுலபமாகக் கிடைக்கும் என்றாள். ஷாஹித் சரி என்றான். இருவரும் அனுப்ரியாவைப் பார்த்தார்கள். அவளும் தலையாட்டிவிட்டாள். அங்கேதான் என் அப்பா வேலை பார்க்கிறார் என்று சொல்லியிருந்தால் உடனே வேறு ஒன்றை எடுத்திருப்பார்கள். அவளுக்கு அது வேண்டாம். அப்பாவின் வேலை ஏன் போகிறது என்று தானே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. நிர்வாகத்தின் கணக்கில் எங்காவது ஓர் ஓட்டை இருக்கும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஒரு பிடிவாதம்.

வாரக்கணக்கில் தேடினாள். ஓட்டை எதுவும் அகப்படவில்லை. பாகங்களில் பாதி ஏற்கெனவே வடக்கு வியட்நாமில்தான் தயாராயின. இந்த ஒலிபெருக்கியை வாங்கிக் கருவியை முழுமையாகச் செய்து விற்கும் பெரிய நிறுவனமும் ஹைஃபாங் நகருக்குப் பக்கத்தில் ஆலை கட்டியிருந்தது. வாடகை, ஆள் கிடைப்பது, கப்பல் வசதி என்று எந்தப் பக்கம் போனாலும் விடை ஒன்றாகவே வந்தது. அவள் அந்த நிர்வாகத்தில் இருந்திருந்தால் அவளும் அதே முடிவைத்தான் எடுத்திருப்பாள். அப்பா முதுகு காட்டிக்கொண்டு செய்தித்தாள் படிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது.

அதற்குள் வீட்டில் இன்னொரு பிரச்சினை வந்தது. ஹைஃபாங்கிலிருந்து ஆறு பேர் மூன்று மாதப் பயிற்சிக்கு வருகிறார்கள், அவர்களுக்குச் சொல்லித்தர முடியுமா என்று நிர்வாகம் தங்கராஜுவைக் கேட்டது. கூட வேலை பார்த்தவர்களில் சிலர் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தங்கராஜு சரி என்று சொல்லிவிட்டு வந்தார். லீலாவுக்கு வந்ததே கோபம். பாலர்பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறவர் அவர். வீட்டில் குரலை உயர்த்துவது அபூர்வம்.

“உங்க நாற்காலியில வந்து உக்காரப் போறவங்களுக்கு, அது எப்படி உக்காரணும்னு நீங்களே சொல்லித்தரப் போறீங்களா?”

தங்கராஜு அதற்காகத் தன் முடிவை மாற்றவில்லை. அடுத்த வாரமே பயிற்சி தொடங்கியது.

வந்தவர்களில் மூத்தவள் குயென் என்ற பெண். முப்பத்து நான்கு வயது, ஊரில் கணவனும் சின்ன மகளும் இருந்தார்கள். மகளுக்கு வளையல் வாங்க லிட்டில் இந்தியா போக வேண்டும் என்று அவள் தங்கராஜுவிடம் கேட்டிருக்கிறாள். அவர் அந்தப் பொறுப்பை அனுப்ரியாவிடம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை, நீ சும்மாதானே இருக்கிறாய், கூட்டிக்கொண்டு போய்விட்டு வா என்றார். படிக்க வேண்டும் என்று அனுப்ரியா சொல்லிப் பார்த்தாள், நடக்கவில்லை.

எம்ஆர்டி ரயிலில் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தும் அதிகம் பேசவில்லை. லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் குயென் ஒவ்வொரு கடையிலும் நின்றாள். கண்ணாடி வளையலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், மல்லிகைச் சரத்தை மோந்து பார்த்தாள், விலை கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவளிடம் முகம் கொடுக்காமல் இருப்பது அனுப்ரியாவுக்கு நேரம் ஆக ஆகக் கடினமாக இருந்தது. கடைசியில் பசித்து ஒரு கடையில் தோசை சாப்பிட உட்கார்ந்தார்கள். குயென் ஆங்கிலம் கொஞ்சம் பேசுவாள். நீ என்ன படிக்கிறாய் என்று கேட்டாள். அனுப்ரியா சொன்னாள். இப்போது என்ன ப்ராஜெக்ட் செய்கிறாய் என்று அடுத்துக் கேட்டாள். அனுப்ரியாவுக்குள் அடங்கிக் கிடந்தது அப்போது வெளியே வந்துவிட்டது. உங்கள் தொழிற்சாலையைப் பற்றித்தான், என் அப்பாவுக்கு வேலை போவதைப் பற்றித்தான் என்று சொன்னாள்.

குயெனின் கை தோசையிலேயே நின்றது.

“உன் அப்பா வேறு பிரிவுக்குப் போகிறார் என்று எங்களிடம் சொன்னார்கள்,” என்றாள் மெதுவாக. “ஹைஃபாங்கில் திறப்பது இரண்டாவது தொழிற்சாலை. இங்கே இருப்பது அப்படியே இருக்கும். அப்படித்தான் சொன்னார்கள்.”

அனுப்ரியா ஜூன் மாதத்தைப் பற்றிச் சொன்னாள். குயென் அதற்குப் பிறகு ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. திரும்பி வரும்போது வளையல் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வேலை முடிந்து வந்த தங்கராஜு காலணியைக் கழற்றுவதற்கு முன்பே மகளைக் கூப்பிட்டார்.

“நீ ஏம்மா அவகிட்ட சொன்ன?”

“அவங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்பா.”

“தெரியாது. ஆறு பேருக்கும் தெரியாது. இன்னிக்கு ஒருத்தரும் மெஷின் பக்கமே வரல. கேன்டீன்ல போய் உக்காந்துட்டாங்க.”

பிறகு என்ன நடந்தது என்று அவரே சொன்னார். மேலாளர் வந்து கத்திவிட்டுப் போயிருக்கிறார். தங்கராஜு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்களுடன் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் கற்றுக்கொள்ளவில்லை என்றால் உங்களை அனுப்பிவிட்டு வேறு ஆறு பேரைக் கூட்டிவருவார்கள், எனக்கு அதில் ஒரு லாபமும் இல்லை, மறுபடி முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு ஓர் இளைஞன் சிரித்துவிட்டானாம். அதற்கப்புறம் எழுந்து வந்தார்களாம்.

லீலா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். “உங்களுக்குக் கோபமே வராதா?” என்றார்.

“கோபம் இருக்கு லீலா. ஆனா அது அந்தப் புள்ளைங்க மேல இல்ல.”

இரண்டு நாள் கழித்துக் குயெனிடமிருந்து அனுப்ரியாவுக்குச் செய்தி வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று எழுதியிருந்தாள். எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இது எப்படி இருக்கிறது என்று உன் படிப்புக்குத் தெரிய வேண்டுமானால் கேள், நான் பதில் சொல்கிறேன் என்றும் எழுதியிருந்தாள். அனுப்ரியா அதைப் பலமுறை படித்தாள். அதன் பிறகு இல்ஹாமிடமும் ஷாஹித்திடமும் மறைக்க முடியவில்லை. பல்கலைக்கழகக் கேன்டீனில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர்கள் கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தாள். பேசுவதற்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. எழுதியதில் பாதியை மாற்ற வேண்டிவரும்.

ஷாஹித் தன் குளிர்ந்த மைலோ பானத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். இல்ஹாம் தன் மடிக்கணினியைத் திறந்தாள்.

“முன்னாடியே சொல்லியிருந்தா வேற கம்பெனி எடுத்திருப்போம் லா,” என்றாள்.

“அதான் சொல்லல.”

அதற்கு மேல் இல்ஹாம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. குயெனிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதத் தொடங்கினாள். நிறுவனம் இடம் மாறியது கணக்குப்படி சரி. ஆனால் இங்கே இருந்தவர்களிடமும் அங்கிருந்து வந்தவர்களிடமும் வெவ்வேறு கதை சொன்னது தவறு. இதுதான் அவர்கள் கடைசியில் வந்து சேர்ந்த முடிவு. தங்கராஜுவும் குயெனும் ஆளுக்கு அரை மணி நேரம் அவர்களிடம் பேசினார்கள்.

வகுப்பில் பேசும் நாளில், ஆட்களைக் குறைப்பதால் நிறுவனத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று விளக்கும் பகுதி அனுப்ரியாவுடையது. அதை அவள்தான் கணக்குப் போட்டாள், அவள்தான் எழுதினாள். எழுந்து முன்னே போகும் நேரத்தில் இல்ஹாம் அவள் முழங்கையைத் தொட்டாள்.

“அந்த ஸ்லைட நான் பேசுறேன். நீ அடுத்ததுலேருந்து ஆரம்பி.”

ஒத்திகையில் அப்படி ஏற்பாடு இல்லை. இல்ஹாம் அந்தப் பகுதியைத் தயார் செய்யவும் இல்லை. இரண்டு இடத்தில் தடுமாறினாள். ஓர் எண்ணைத் தப்பாகச் சொல்லித் திருத்திக்கொண்டாள். அந்த நேரம் முழுவதும் அனுப்ரியா திரையைப் பார்க்காமல் ஓரமாக நின்றிருந்தாள். தன் அப்பாவின் பெயர் இல்லாமல் அவரைக் கழித்துக் காட்டுகிற அந்த வரியைத் தன் வாயால் படிக்க வேண்டியிருக்கவில்லை என்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

டாக்டர் கோ கடைசிப் பகுதியைப் பாராட்டினார். செலவுக் கணக்கை விளக்கிய விதம் தெளிவாக இல்லை என்று குறை சொன்னார். மதிப்பெண் நன்றாகத்தான் வந்தது. ஆனால் இல்ஹாம் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. நெதர்லாந்துக்கு அவள் பெயர் வரவில்லை. அந்தப் பாடம்தான் காரணமா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அனுப்ரியா மன்னிப்புக் கேட்கப் போனபோது, அதை விடு, அப்பா கடைக்குப் பொங்கல் சரக்கு வந்திருக்கிறது, பிரித்து அடுக்க ஆள் வேண்டும், வந்து உதவி செய் என்றாள் இல்ஹாம். மூவரும் போய் ஒரு நாள் முழுக்கச் சேலைகளைப் பிரித்து அடுக்கினார்கள். இல்ஹாமின் அம்மா பரீதா நோன்புக் கஞ்சிக்குப் போடுவதுபோலக் கறி போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கடைக்கே கொடுத்தனுப்பினார்.

ஜூன் வந்தது. தொழிற்சாலை மூடியது. குயெனும் மற்றவர்களும் எப்போதோ ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். தங்கராஜு வீட்டில் இருந்தார். முதல் வாரம் சமையலறை அலமாரிகளை எல்லாம் ஒழுங்கு செய்தார்; அதற்குப் பிறகு லீலாவுக்குக் கடுகு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. வேலைச் சந்தைகளுக்குப் போனார். பாதுகாவலர் வேலைக்கான பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார். போகிற இடத்திலெல்லாம் மரியாதையாகத்தான் பேசினார்கள். பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள். நாளாக நாளாக அவர் பேசுவது குறைந்தது. லீலா சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். அனுப்ரியாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஆகஸ்டில் குயென் கூப்பிட்டாள். தங்கராஜுவை அல்ல, அனுப்ரியாவை. ஒன்று கேட்க வேண்டும், உன் அப்பாவிடம் நேரே கேட்டால் அவரை அவமதிப்பதுபோல ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றாள். ஹைஃபாங்கில் வரிசை இன்னும் சரியாக ஓடவில்லை, புது ஆட்கள் நிறைய, பயிற்சி பெற்ற ஆறு பேரால் எல்லாரையும் கவனிக்க முடியவில்லை. மிஸ்டர் ராஜுவை ஒரு வருட ஒப்பந்தத்தில் கூப்பிடுங்கள் என்று ஆறு பேரும் சேர்ந்து போய் அங்குள்ள மேலாளரிடம் கேட்டிருக்கிறார்கள். மேலாளர் முதலில் தட்டிக்கழித்திருக்கிறார். மூன்றாவது முறை கேட்டபோது ஒத்துக்கொண்டார்.

“அவர் வருவாரா?” என்று கேட்டாள்.

அனுப்ரியா அந்த நிமிடமே போனைக் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தாள்.

லீலா ஒத்துக்கொள்ளவே இல்லை. சர்க்கரை வியாதிக்காரர், சமைக்கத் தெரியாதவர், மொழி தெரியாத ஊர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நம் தாத்தாக்கள் எல்லாம் பிழைக்க இந்த ஊருக்கு வந்தார்கள், இவர் இங்கிருந்து பிழைக்க வெளியே போகிறார் என்று தன் தங்கையிடம் போனில் அழுதார். தங்கராஜு பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார். அவர் மறுபடி நிமிர்ந்து நடப்பதை லீலாவும் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்துக் கட்டிக் கொடுத்தவர் லீலாதான்.

ஹைஃபாங்கில் அவருக்குத் தொழிற்சாலை பக்கத்திலேயே ஓர் அறை கொடுத்தார்கள். இரண்டு தெரு தள்ளிக் குயெனின் வீடு. முதல் மாதமே அவர் சொன்ன கதைகளில் தொழிற்சாலையைவிடக் குயெனின் அம்மாதான் அதிகம் வந்தார். தங்கராஜு வெள்ளிக்கிழமை அசைவம் சாப்பிட மாட்டார் என்று தெரிந்ததும் அந்த அம்மா ஒவ்வொரு வெள்ளியும் தவ்வு எனும் சோயாக் கட்டியும் கீரையும் சமைத்து அனுப்பினார். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அவர்களும் சைவமாம். இதைக் கேட்ட லீலா, அடுத்த வாரம் அந்த ஊருக்கு முறுக்கு அனுப்ப முடியுமா என்று மகளிடம் விசாரித்தார்.

நவம்பர் கடைசியில், அனுப்ரியா தேர்வுக்காக நூலகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், குயெனின் அழைப்பு வந்தது. திரையில் மருத்துவமனைத் தாழ்வாரம் தெரிந்தது. சக்கரக் கட்டிலில் அப்பா படுத்திருந்தார். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. காலையிலிருந்து வயிற்று வலி, அவர் யாரிடமும் சொல்லவில்லை, வேலையிடத்தில் சுருண்டு விழுந்துவிட்டார், குயெனின் கணவன் ஹுங் வந்து கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறான். குடல்வால் வெடிக்கிற நிலையில் இருக்கிறது, உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். அவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று மருத்துவர் கேட்டார். அனுப்ரியா நூலகத்துக்கு வெளியே படிக்கட்டில் நின்று, அம்மாவை இன்னொரு போனில் பிடித்து, ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். குயென் அதை வியட்நாமிய மொழியில் மருத்துவரிடம் சொன்னாள். சொந்தக்காரர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றபோது, ஹுங் தன்னைத் தம்பி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

கட்டிலை உள்ளே தள்ளுவதற்கு முன் குயென் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“எக்ஸாம விட்டுட்டு வராத அனு,” என்றார் தங்கராஜு. “இங்க ஆள் இருக்காங்க.”

அனுப்ரியா அந்தப் படிக்கட்டிலிருந்தே இல்ஹாமைக் கூப்பிட்டாள். அவள் உடனே வந்து சேர்ந்தாள். இல்ஹாம் எதுவும் கேட்காமல் அவள் போனை வாங்கி லீலாவிடம் பேசி, அவருடைய பாஸ்போர்ட் எண்ணைக் கேட்டு, மறுநாள் காலை விமானத்துக்கு அவருக்கு டிக்கெட் போட்டாள். பிறகு உட்லண்ட்ஸ் வரைக்கும் கூடவே வந்தாள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று குயென் சொன்னபோது மூன்று பெண்களும் சமையலறையில் நின்றுகொண்டிருந்தார்கள். லீலா அடுப்பைப் பற்றவைத்துத் தேநீர் போட்டார். அதில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார். யாரும் அதைச் சொல்லாமல் குடித்தார்கள்.

லீலா பத்து நாளுக்கு மேல் ஹைஃபாங்கில் இருந்தார். அனுப்ரியா எல்லாத் தேர்வும் எழுதினாள். அப்பா சொன்னதால் மட்டும் எழுதவில்லை. அங்கே பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள் என்பதை அவள் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். திரும்பி வந்த அம்மாவை அழைத்துவரச் சாங்கி விமான நிலையத்துக்குப் போனாள். லீலாவின் கையில் ஊறுகாய் ஜாடிகளும், உலர்ந்த தாமரை விதைகளும், ஒரு பனிக்காலச் சால்வையும் இருந்தன. எல்லாம் குயெனின் அம்மா லியென் கொடுத்தவை.

இருவரும் எப்படிப் பேசிக்கொண்டீர்கள் என்று அனுப்ரியா கேட்டாள்.

“அந்தம்மா சொன்னதுல ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியல. நான் சொன்னது அவங்களுக்கும் புரியல. ஆனா ராத்திரியும் பகலும் பேசிட்டே இருந்தோம்,” என்றார் லீலா. டாக்சி வரிசை நகர்ந்தது. சற்றுப் பொறுத்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: “உங்கப்பாவுக்கு உடம்பு தொடைச்சுவிட்டாங்க அனு. நான் போறதுக்கு முன்னாடி. பெத்தவங்க மாதிரி.”

அனுப்ரியா பைகளை வாங்கிக்கொண்டாள்.

தங்கராஜு குணமாகி ஒப்பந்தம் முடியும்வரை அங்கேயே வேலை செய்தார். அடுத்த ஆண்டு ஜூலையில் அனுப்ரியா பட்டம் வாங்கினாள். அதற்கு இரண்டு நாள் விடுப்பில் வந்துவிட்டுப் போனார். செப்டம்பரில் ஒரேயடியாகத் திரும்பினார். இங்கே ஒரு மருத்துவக் கருவி நிறுவனம் அவரைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. ஹைஃபாங் மேலாளர் எழுதிக் கொடுத்த நற்சான்று அதற்கு உதவியது. அனுப்ரியாவுக்கு ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. இல்ஹாம் நெதர்லாந்துக்கு மேற்படிப்புக்கே போய்விட்டாள். அங்கே குளிர் எப்படி என்று அனுப்ரியா கேட்டால், குளிரைப் பற்றிச் சொல்லாமல் சாப்பாட்டைப் பற்றித்தான் புலம்புவாள்.

தங்கராஜு திரும்பிய பிறகு வந்த முதல் பிரதோஷத்தன்று, கேலாங்கில் சிவன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று லீலா பிடிவாதமாக இருந்தார். மூவரும் மாலையில் கோயிலுக்குப் போனார்கள். கூட்டம் அதிகம். அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது குருக்கள் யார் பெயருக்கு என்று கேட்டார்.

“குயென், ஹுங், லியென், அவங்க பொண்ணு ஆன்,” என்றார் லீலா.

குருக்கள் தட்டைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார். “நட்சத்திரம்?”

லீலா மகளைப் பார்த்தார். அனுப்ரியா போனை எடுத்து, நீ பிறந்தது எந்த நாள் என்று குயெனுக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது. எங்கள் சந்திர நாள்காட்டித் தேதியை அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன், வருடம் மட்டும் இப்போதே சொல்கிறேன், எங்கள் கணக்கில் நான் பாம்பு வருடத்தில் பிறந்தவள் என்று எழுதியிருந்தாள். அனுப்ரியா கூச்சத்தோடு அதைச் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். குருக்கள் ஒரு நொடி கண்ணை மூடினார்.

“ஆயில்யத்துக்கு நாகம்தான் தேவதை. அவங்களுக்கு ஆயில்யம்னு சொல்லிடறேன். மத்தவங்களுக்குத் திருவாதிரை, சுவாமியோட நட்சத்திரம். கோத்திரம் சிவ கோத்திரம். சரிதானே?”

“ரொம்ப நல்லது சாமி,” என்றார் லீலா.

குருக்கள் சங்கல்பத்தைத் தொடங்கி, குயின் என்றார். லீலா கைகூப்பியபடியே குறுக்கிட்டு, குயின் இல்லை, குயென் என்று திருத்தினார். குருக்கள் முகம் கோணாமல் மறுபடி சரியாகச் சொன்னார். ஹுங் என்ற பெயர் அவருக்கு முதல் தடவையிலேயே வந்துவிட்டது. தங்கராஜு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

வெளியே வந்து பிரசாதம் சாப்பிடும்போது குயெனிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. எதற்காகப் பிறந்த நாளைக் கேட்டாய் என்று கேட்டிருந்தாள். அனுப்ரியா விளக்கி எழுதினாள். எங்களுக்காகக் கடவுளிடம் என்ன கேட்டீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது. அனுப்ரியா அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

லீலா கையில் ஒட்டியிருந்த சர்க்கரைப் பொங்கலைத் துடைத்தார். “என்னத்த கேக்குறது? எல்லாரும் நல்லா இருக்கணும்னு கேட்டேன்னு சொல்லு,” என்றார்.

அனுப்ரியா அப்படியே எழுதினாள். தன் பங்குக்கு ஒரு நன்றியையும் சேர்த்து அனுப்பிவிட்டு, அப்பா அம்மாவோடு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.